கமான் பட்டையும் என் முதுகும்

என் முதுகுவலிக்காக என் வீட்டுக்காரர் காரின் கமான் பட்டையையே கழற்றி மாற்றினார் என்று எங்கள் சொந்தபந்தத்தில் ஒரு கதை உலவுகிறது. கல்யாண வீட்டில், காதுகுத்தில், சாவு வீட்டில்கூட யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுகிறார்கள். "பொண்டாட்டி முதுவு நோவக் கூடாதுன்னு காரையே பிரிச்சி மாட்டின மனுஷன்" என்று அவர்கள் சொல்லும்போது இவர் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரிப்பார். மறுக்கவே மாட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பட்டை கழன்றது உண்மை. யாருடைய முதுகுக்காகக் கழன்றது என்பதில்தான் பொய்.

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், படிக்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

எண்பதுகளின் பிற்பாதி. கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுக்கா ஊர். ஊரை ஒட்டிய கிராமத்தில் எங்களுக்குக் கரும்புக் கொல்லையும் கொஞ்சம் நஞ்சையும் இருந்தது. நான் கல்வராயன் மலைமேல், மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளியில் டீச்சர். பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இனி வராது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு வந்த வேலை அது. மலைக்குப் போட்டால் தண்டனை என்று மற்ற டீச்சர்கள் அழுவார்கள். நான் அழவில்லை. எங்கள் வீட்டில் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான், ஆணையும் சேர்த்துச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறினால் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் இறக்கிவிடும். வாரம் முழுக்கப் பள்ளி விடுதியிலேயே ஓர் அறையில் தங்குவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கி வருவேன். பஸ் மெதுவாகப் போகும், ஆடும், வாந்தி வரும். ஆனால் முதுகை ஒன்றும் செய்ததில்லை.

பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. எங்கள் ஜனத்துக்குப் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு வேண்டும் என்று வடமாவட்டங்கள் முழுக்க எழுந்த போராட்டம். ஒரு மாதம் ஊர்வலம், ஒரு மாதம் மறியல், பிறகு கொஞ்ச நாள் அமைதி, திரும்பவும் மறியல். புளியமரத்தை வெட்டி ரோட்டில் சாய்ப்பார்கள். சில இடத்தில் ரோட்டையே குறுக்கே பள்ளம் பறித்துவிட்டார்கள். பஸ் என்றைக்கு ஓடும், என்றைக்கு நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது. கோரிக்கையில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஒரு வேலைக்காக எத்தனை வருஷம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது என்பது அனுபவித்தவளுக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் எங்கள் ஊரில் முன்வரிசை ஆள். மறியல் என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலில் கிளம்புகிறவர்.

பஸ் நின்றதால்தான் கார் வந்தது. திருக்கோவிலூரில் ஒருவர் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார். அந்தக் காலத்தில் கார் என்று சொன்னால் எது கண்ணுக்கு முன்னால் வருமோ, அந்த உருண்டைக் கார்தான். முன்சீட்டு நீளமான ஒரே பெஞ்சு. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். மற்ற வண்டிகளை மறிக்கிற ஆட்கள் எங்கள் காரைக் கண்டால் கிளையை இழுத்து வழிவிடுவார்கள், மறிக்கிறவர்கள் எல்லாம் இவர் கூட்டாளிகள்தானே. திங்கட்கிழமை என்னை மேலே கொண்டுபோய் விடுவார். வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப்போவார். சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கார் வந்த கையோடு வியாபாரமும் வந்தது. என் நாத்தனார் வீட்டுக்காரருக்குக் கச்சிராயபாளையத்தில் வீடு. நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன், இவர் மாமா என்பார். எங்கள் குடும்பத்தின் மூத்த மாப்பிள்ளை. அவர் வாயிலிருந்து வருவதை இவர் தட்டியதே இல்லை. அண்ணன் மலையில் புளியும் கடுக்காயும் வாங்கிக் கீழே விற்பவர். "வெறும் வண்டி தான இறங்குது மாப்ள, நாலு மூட்ட போட்டா இன்னா?" என்று கேட்டார். அன்றிலிருந்து கார் இறங்கும்போது டிக்கி நிறையப் புளி.

திங்கட்கிழமை கச்சிராயபாளையத்தில் அண்ணன் ரோட்டோரம் நிற்பார். கார் நிற்கும். நான் முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் போய் ஏறிக்கொள்வேன். யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு ஆம்பிளை காரில் ஏறினால் பொம்பளை பின்னால் போய்விட வேண்டும், அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பெஞ்சில் இடம் இருக்கிறதே என்று யோசிக்கவும் கூடாது. கார் நிற்பதற்கு முன்பே என் கை கதவுப் பிடியில் இருக்கும், அப்படிப் பழகியிருந்தோம்.

டாக்சியாக ஓடித் தேய்ந்த வண்டிக்கு மலை ஒத்துவரவில்லை. வளைவில் திரும்பினால் பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்து, நேரான பிறகும் கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டே வரும். புளி ஏற்றிவிட்டால் பின்பக்கம் உட்கார்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். அடிப்பாகம் பாறையில் தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவர் முகம் சுருங்கும். அண்ணனுக்குப் புளி மூட்டையைக் குறைக்கலாம் என்று தோன்றவில்லை. வண்டியைப் பலப்படுத்தலாம் என்று தோன்றியது.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டுப் பக்கம் ஒரு மெக்கானிக்கின் கொட்டகை. கார், லாரி எதுவானாலும் பின்சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதுதான் கமான். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அது வளைந்து கொடுக்கும். பட்டை கூடக்கூட வளைவது குறையும். மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சைடுக்கு ரெண்டு பட்ட சேத்துடலாம் சார். மல மேல கல்லு மாரி நிக்கும்."

இவரும் அண்ணனும் சரி என்றார்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து ஏதோ வேனின் பட்டைகளை எடுத்துவந்து வெட்டி, மெக்கானிக் கமானோடு சேர்த்து முறுக்கினார். டயரிலும் காற்றை ஜாஸ்தியாக அடித்தார்கள். பிறகு மூன்று பேரும் வண்டியைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் கொட்டகை வாசலில் மார்க்கெட் பையோடு நின்றிருந்ததால் அதை என் கண்ணாலேயே பார்த்தேன். மெக்கானிக், இவர், அண்ணன், மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்சீட்டு காலி. போய்த் திரும்பிவந்து, "இன்னா மாரி புடிச்சிக்கினு போவுது பாத்தீங்களா!" என்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். வேலை செய்தது முழுக்கப் பின்பக்கத்தில். உட்கார்ந்து பார்த்தது முழுக்க முன்பக்கத்தில்.

அடுத்த திங்கட்கிழமை அதில் நான் ஏறினேன்.

கச்சிராயபாளையம் வரை முன்சீட்டு, பரவாயில்லை. அண்ணன் ஏறியதும் பின்னால் போனேன். மறியலில் வெட்டின பள்ளங்களில் மண்ணைக் கொட்டி மூடியிருந்தார்கள், மழை பெய்து அந்த மண் அமுங்கியிருந்தது. முதல் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியபோது உலக்கையால் கீழேயிருந்து இடித்த மாதிரி இருந்தது. வாயிலிருந்து "அம்மா" என்று வந்துவிட்டது. முன்னால் இரண்டு பேரும் புளி விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மலையடிவாரத்திலிருந்து ரோடு ரோடாகவே இல்லை, கல்லும் அரிப்பும்தான். சீட்டைக் கையால் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டே போனேன். பள்ளிக்கூடம் வந்தபோது இறங்கி நிமிர முடியவில்லை. அன்றைக்கு முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தினேன், உட்கார்ந்தால் எழ முடியாது என்ற பயம்.

வெள்ளிக்கிழமை இறங்கும்போது வேறு ஒரு வேடிக்கை. டிக்கியில் மூட்டைகள் ஏறியதும் வண்டி கொஞ்சம் மெத்தென்று ஆனது. அந்தப் பட்டைகளைப் புளியின் கனத்துக்குத்தானே சேர்த்தார்கள்? புளி இருந்தால் அவை வளையும். என் கனத்துக்கு வளையாது. இந்த வண்டியில் புளிக்கு இருக்கிற மரியாதை டீச்சருக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "பின்னாடி ரொம்ப தூக்கிப் போடுதுங்க. முதுவு வுட்டுப்போச்சி."

"வண்டின்னா தூக்கிப் போடாம தாலாட்டுமா? வளைவுல ஆடுதா சொல்லு. ஆடல இல்ல?"

"ஆடல. ஆனா வளைவுல கல்லு வந்தா பின்சக்கரம் தரைய வுட்டு எழும்புது. எழும்பி ஒரு பக்கமா தள்ளிப் போய் வுழுது."

"எங்களுக்கு ஒண்ணும் தெரியிலியே."

எப்படித் தெரியும்? முன்சீட்டு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவாந்திரத்தில் இருக்கிறது. பின்சீட்டு சக்கரத்தின் தலைமேல் இருக்கிறது. நான் வலியைச் சொன்னேன் என்றுதான் அவர் காதில் விழுந்தது. வண்டியின் பிடிப்பைப் பற்றியும் சேர்த்துத்தான் சொன்னேன். தரையைத் தொடாத சக்கரம் எதைப் பிடிக்கும்? மலை வளைவில் அது பிடிக்காமல் போனால் பின்சீட்டோடு முன்சீட்டும் சேர்ந்துதானே பள்ளத்தில் இறங்கும்? இதைச் சொல்ல இன்ஜினியருக்குப் படிக்க வேண்டியதில்லை, பின்னால் ஏறி உட்கார்ந்தால் போதும். எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா என்பார்கள். இங்கே எருது வாயைத் திறந்து சொல்லியும் காக்கை நம்பவில்லை.

போகும்போது டிக்கியில் மணல் மூட்டையாவது போடுங்கள் என்று கேட்டேன். மேட்டில் இழுக்காது என்றார். டயரில் காற்றையாவது குறையுங்கள் என்றேன். டயர் போய்விடும் என்றார். அண்ணனுக்கு விஷயம் போய், அடுத்த திங்கட்கிழமை ஒரு தலையணையோடு வந்தார். "இத்தப் போட்டு குந்து தங்கச்சி." தலையணையை வாங்கி வைத்துக்கொண்டேன். மரியாதைக்காக நன்றியும் சொன்னேன், அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

மழைக்காலம் முடிவதற்குள் இடுப்பிலிருந்து வலி இடதுகால் வரை இறங்கிவிட்டது. கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் போனோம். முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருக்கிறது என்றார். படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். "இனிமே குலுங்கக் கூடாது. இதே மாரி போய்க்கினு இருந்தா கால் இழுத்துக்கும்" என்றார். அந்த டாக்டர் சொன்னது குலுங்கக் கூடாது என்பது மட்டும்தான். வேலைக்குப் போகக் கூடாது என்று அவர் சொல்லவே இல்லை.

ஆனால் வீட்டில் நடந்த பஞ்சாயத்தில் அது அப்படித்தான் ஆகிப்போனது. நான் கட்டிலில் படுத்திருக்கிறேன். அண்ணன் நாற்காலியில், இவர் வாசற்படியில், மாமியார் சுவரோரம்.

"ஒடம்புதான் முக்கியம் தங்கச்சி" என்று அண்ணன் ஆரம்பித்தார். "வேலைய வுட்டுடு. நமக்கு இன்னா கொறச்சல்? கொல்லகீது, வூடுகீது. எதுக்கு மல ஏறி கஷ்டப்படணும்?"

"அந்த ரெண்டு பட்டையக் கழட்டிட்டா நான் போவேங்க" என்றேன் இவரைப் பார்த்து.

"கழட்டினா வண்டி மலையில நிக்காது" என்றார் அண்ணன்.

"மாமா சொல்றதும் சரிதான்" என்றார் இவர். "முழுப் பரீட்சை வரைக்கும் லீவு போட்டு ஓட்டு. அப்புறம் எழுதிக் குடுத்துடலாம்."

மாமியார் தலையை ஆட்டினார். முடிந்தது. காரிலிருந்து இரண்டு இரும்புப் பட்டையைக் கழற்றுவது அவர்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. என்னிடமிருந்து என் வேலையைக் கழற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்தது. அப்பா ஆட்டை விற்றுப் படிக்கவைத்த படிப்பு, நான் காத்திருந்த வருஷங்கள், மலைமேல் எனக்கென்று இருந்த வகுப்பு, எல்லாம் புளி மூட்டைக்குக் கீழே போய்விட்டது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. கோபத்தில் பல் வலித்தது.

அன்று சாயங்காலமே எங்கள் ஊர் முச்சந்தியில் கூட்டம். கூம்பு ஒலிபெருக்கி எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. இவர் பேசினார். "படிச்சிட்டு நம்ம புள்ளைங்க மாடு மேய்க்கணுமா? அரசாங்க வேலையில நம்ம பங்கு எங்க?" என்று தொண்டை கிழியக் கேட்டார். கைதட்டினார்கள். கட்டிலில் படுத்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அரசாங்க வேலையில் நம்ம பங்கு ஒன்று உன் வீட்டிலேயே முதுகில் தைலத்தோடு படுத்திருக்கிறதே ஐயா, அதை எழுதிக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு அங்கே போய் யாரிடம் கேட்கிறாய்? ஊருக்குத்தான் உபதேசம். எழுந்து போய் அந்த ஒலிபெருக்கியிலேயே கேட்டிருப்பேன், எழ முடியவில்லை.

லீவில் நான் படுத்திருந்த நாட்களில் என் வகுப்பைப் பெரிய வகுப்போடு சேர்த்து உட்காரவைத்திருப்பதாகத் தலைமையாசிரியர் சொல்லியனுப்பினார். சின்னப் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் பெரிய பிள்ளைகளின் கணக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அதுகள் ஊரிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கியது இதற்கா? இப்படியே போனால் வேறு ஆள் போடச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருந்தார். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் வேறு ஆள் வரமாட்டார், வந்தாலும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தச் சமயத்தில் போராட்டத்தின் பெரிய பேச்சாளர் ஒருவர் கச்சிராயபாளையத்துக்கு வந்தார். வயதானவர், எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். கூட்டம் முடிந்து மறுநாள் காலையில் மலையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். இவர் காரைக் கொடுத்தார். கொடுக்கக் கேட்க வேண்டுமா? கழுவித் துடைத்து, முன்னால் கொடி கட்டி நிறுத்தினார். பெரியவர் முன்சீட்டில், அவர் பக்கத்தில் அவருடைய உதவியாள். ஓட்டப்போவது யார்? மூத்த மாப்பிள்ளை ஆசைப்பட்டார். அண்ணன் கேட்டு இவர் எப்போது இல்லை என்றார்? ஆக, காரின் சொந்தக்காரர் பின்னால் ஏறினார். பட்டை சேர்த்த நாளிலிருந்து அதுவரை அவர் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

அந்தப் பயணத்தில் நான் இல்லை. ஆனால் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை விடாமல் எனக்குத் தெரியும், ஏனென்றால் பின்னால் அவரோடு போன ஊர்க்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்து ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். முதல் பள்ளத்தில் இவர் தலை கூரையில் இடித்தது. அடிவாரம் தாண்டியதும் சீட்டைக் கையால் ஊன்றிக்கொண்டார், நான் ஊன்றிய மாதிரியே. "மாமா, மெதுவா" என்றாராம். அண்ணனுக்குக் காதில் விழவில்லை. டிக்கியில் புளி இல்லை, வெறும் வண்டி. ஒரு கொண்டை ஊசி வளைவில் கல்லில் ஏறிப் பின்சக்கரம் எழும்பி, வண்டியின் வால் பள்ளத்துப் பக்கமாகத் தள்ளிப்போய், விளிம்புக்குச் சாண் தூரத்தில் விழுந்தது. பின்னாலிருந்த எல்லோரும் கத்தினார்கள். முன்னால் பெரியவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி, "வண்டி ஜோராப் போவுதுப்பா" என்றாராம்.

மறுநாள் காலையில் இவரால் பாயிலிருந்து எழ முடியவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு, "அந்தத் தைலத்த எடு" என்றார். என் தைலத்தைத்தான் எடுத்துப் போட்டுத் தேய்த்தேன். என் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்து தேய்த்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"இன்னிக்கி உளுந்தூர்பேட்டையில மறியல்" என்று முனகினார். "எப்படிப் போறதுன்னு தெரியில."

"ஒடம்புதாங்க முக்கியம்" என்றேன். "வுட்டுடுங்க."

"இன்னாத்த?"

"போராட்டத்த. நமக்கு இன்னா கொறச்சல்? கொல்லகீது, வூடுகீது. எதுக்கு ரோட்ல நின்னு கஷ்டப்படணும்?"

கையை நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே சொன்னேன். அவர் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டார். பிறகு, "பட்டையக் கழட்டிப்புடலாம்" என்றார். எனக்காக என்று சொல்வார் என்று ஒரு நொடி காத்திருந்தேன், கேவலம். சொல்லவில்லை.

எழுந்து நடமாடியதும் கொட்டகைக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். நீ எதுக்கு என்றார். ஏறி உட்கார்ந்துவிட்டேன். அங்கே மெக்கானிக்கிடம் இவர் சொன்னதைக் கேளுங்கள்: "பெரியவருக்கு அசௌகரியமாப் போச்சிப்பா. அந்தப் பட்டைங்களக் கழட்டிடு." பெரியவருக்கு! ஜோராகப் போகுது என்று சொன்ன பெரியவருக்கு! தனக்கு வலித்தது என்று சொல்ல ஆம்பிளைக்கு வெட்கம். பெண்டாட்டிக்கு வலித்தது என்று சொல்ல அதைவிட வெட்கம். வலிக்காத முதுகு ஒன்று கிடைத்தது, அதன்மேல் போட்டுவிட்டார்.

மெக்கானிக் சேர்த்த பட்டைகளை மொத்தமாகக் கழற்றினார். சோதித்துப் பார்க்க அவரும் இவரும் வழக்கம்போல முன்சீட்டுக்குப் போவதற்குள் நான் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினேன். கச்சிராயபாளையம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், வளைந்து நெளிந்து ஓட்டச் சொன்னேன். மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் ஒருபுறமாகச் சாய்ந்து, சாய்ந்த பக்கத்திலிருந்து மறுபக்கம் ஆடி, தூளி மாதிரி போனது. இதில் மலை இறங்கினால் உயிர் மிஞ்சாது என்று எனக்கே தெரிந்தது. கல்லாக இருந்தாலும் ஆபத்து, மெத்தையாக இருந்தாலும் ஆபத்து. அண்ணன் பயந்தது முழுப் பொய்யில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு நியாயம்தான் வேண்டும்.

கொட்டகைக்குத் திரும்பியதும் மெக்கானிக் டிக்கியின்மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிவிட்டு எடுத்தார். வண்டி மேலும் கீழும் ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது.

"இது ஏன் நிக்காம ஆடுது?" என்று கேட்டேன்.

"ஷாக் போயிருக்கும்மா. ஆட்டத்த நிறுத்தறது அதுதான். ரெண்டு பக்கமும் செத்துப்போச்சி. பட்ட மாட்டற எடத்துல ரப்பர் புஷ்ஷும் தேஞ்சி கெடக்குது."

"அப்ப வளைவுல ஆடினதுக்குக் காரணம் பட்டை கம்மின்னு இல்ல?"

"அதுவும் கொஞ்சம் உண்டும்மா, மூட்ட ஏத்தறதுக்கு. ஆனா ஜாஸ்தி ஷாக்தான்."

"மொதல்லயே ஏன் சொல்லல?"

"சார் பட்ட சேக்கணும்னு வந்தாரு, சேத்தேன்." அவர் முகத்தில் ஒரு குற்றமும் இல்லை. "பின்னாடி உக்காந்து யாரும் எங்கிட்ட வந்து சொல்லலியேம்மா."

நான் சொன்னேன். ஒரு மழைக்காலம் முழுக்கச் சொன்னேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்ல எனக்கு வழியில்லாமல், கேட்காதவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். செத்துப்போன ஒரு சாமானை மாற்றாமல், அதை மறைக்க இரும்பை அடுக்கி, அந்த இரும்பை என் முதுகெலும்பில் இறக்கி, கடைசியில் முதுகெலும்பின்மேல் குறை சொல்லி வேலையை விடச் சொன்னார்கள். இவர் ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது ஷாக் போட்டார்கள், புஷ் மாற்றினார்கள். பக்கத்துக்கு ஒரு பட்டை, அதுவும் மெல்லிசானதாக, திரும்பச் சேர்த்தார்கள். டயரில் காற்றைக் குறைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் பின்னால் உட்கார்ந்து போய்வந்தேன். ஒரு தடவை இவரையும் என் பக்கத்தில் உட்காரவைத்தேன், எதிர்ப்பேச்சுப் பேசாமல் உட்கார்ந்தார். கடைசியில் பள்ளத்தில் ஒரே ஒரு முறை அமுங்கி எழுந்து நின்றது வண்டி. வளைவில் சாய்ந்தது, ஆனால் சக்கரம் தரையை விடவில்லை. மூட்டைக்கு வழி இருந்தது, ஆனால் அண்ணன் ஏற்றுகிற கணக்குக்கு இல்லை. பாதிதான் ஏற்றலாம் என்றார் மெக்கானிக். அண்ணனிடம் அதைச் சொல்லுகிற வேலையை இவரிடமே விட்டேன். பட்டை கழன்றதையும் நான் திரும்ப வேலைக்குப் போனதையும் முடிச்சுப் போட்டுச் சொந்தபந்தம் தானாகவே அந்தக் கதையைக் கட்டிக்கொண்டது.

லீவை முடித்துக்கொண்டு நான் மலைக்குப் போன திங்கட்கிழமை காலையில் முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பஸ்ஸும் ஓடியது, அதைப் பார்த்தும் நான் காரில்தான் ஏறினேன். பிறகு ஒதுக்கீடும் ஒருவிதமாக வந்தது, எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள், சந்தோஷம். நானும் அந்த மலையிலேயே தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றேன். அதெல்லாம் இருக்கட்டும். அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன்.

கச்சிராயபாளையத்தில் அண்ணன் வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். கார் நின்றது. பழக்க தோஷம், என் கை கதவுப் பிடிக்குப் போனது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் கதவுக்கு வெளியே வந்து நின்று, நான் இறங்குவேன் என்று காத்திருந்தார். இவரைப் பார்த்தார். இவர் ரோட்டை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"பின்னால ஏறுங்கண்ணா" என்றேன். "இப்ப பின்சீட்டு நல்லாத்தான் இருக்குது."

அவர் கொடுத்த தலையணையை அவருக்காகப் பின்னால் போட்டே வைத்திருந்தேன்.